வராதவர்களிடமிருந்து தொடங்க வேண்டிய கலைக்கூடம்

வட்டாரக் கலைக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்பட்டதும் முதல் வேலையாகக் கட்டடக் கலைஞரைத் தேடுகிறார்கள். கண்ணாடி முகப்பு, உயர்ந்த கூரையுள்ள நுழைவுக்கூடம், காபிக் கடை, நினைவுப்பொருள் விற்பனையகம் எல்லாம் வரைபடத்தில் ஏறிவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கிறது. வந்தவர்கள் சுவரின் நிறத்தைப் பற்றியோ வாகன நிறுத்துமிடத்தைப் பற்றியோ பேசிவிட்டுப் போகலாம். பெரிய முடிவுகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே கலைக்கூடத்துக்கு வந்துபோகிறவர்கள்தான். ஊரில் மிச்சமுள்ளவர்களின் வரிப்பணமும் சேர்ந்துதான் அந்தக் கட்டடம் நிற்கிறது. ஆனால் அவர்களில் பலருக்கு இப்படியொரு கூட்டம் நடந்ததே தெரியாது.

இந்த வரிசை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கலைக்கூடத்துக்கு வராதவர்களிடம் முதலில் போக வேண்டும். அவர்களுடன் சேர்ந்து சிறிய அளவில் செய்துபார்க்க வேண்டும். எதை யார் முடிவுசெய்வது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். வரைபடம் அதற்குப் பிறகு வரட்டும். திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து தேவைப்படும் பணத்தையும் ஆட்களையும் வரைபடத்துக்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றிய இடங்களும் உண்டு, தவறவிட்டு மூடிய இடமும் உண்டு.

ஏன் வருவதில்லை

நுழைவுக் கட்டணம்தான் தடை என்று நினைப்பது இயல்பு. பிரிட்டனில் கட்டணம் வசூலித்துவந்த தேசிய அருங்காட்சியகங்கள் 2001 டிசம்பரில் அதை நீக்கின. வருகை வேகமாக உயர்ந்தது. ஆனால் வந்தவர்களின் சமூகப் பின்னணி பெரிதாக மாறவில்லை என்று அடுத்த சில ஆண்டுகளில் நடந்த ஆய்வு சொன்னது. முன்பே வந்தவர்கள் இன்னும் அடிக்கடி வந்தார்கள், அவர்களைப் போன்றவர்களும் கூடுதலாக வந்தார்கள். பொதுக் கலைக்கூடத்தில் நுழைவு இலவசமாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது முதல் படி மட்டுமே.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, அலென் தார்பெலுடன் சேர்ந்து ஐரோப்பிய ஓவியக்கூடங்களின் பார்வையாளர்களை ஆராய்ந்து 1966இல் முடிவுகளை வெளியிட்டார். ஒருவர் கலைக்கூடத்துக்குப் போவாரா என்பதை வேறெதையும்விட அவருடைய கல்வியே தீர்மானிக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. கலைக்கூடம் எந்த இடத்தை நினைவூட்டுகிறது என்ற கேள்விக்கு உழைக்கும் வர்க்கத்தினரில் பெரும்பாலானோர் சொன்ன பதில்: தேவாலயம். குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய, எதையும் தொடக்கூடாத, விதிமுறை தெரிந்தவர்கள் மட்டும் இயல்பாக நடமாடக்கூடிய இடம். ‘நமக்குப் புரியாது’ என்று சொல்லி ஒதுங்குகிறவர், உண்மையில் புரியாததைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்றுதான் அஞ்சுகிறார்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வழிகாட்டும் அம்புக்குறிகள், விளக்கப் பலகைகள் போன்ற உதவிகளை அதிகம் விரும்பியவர்கள் குறைவாகப் படித்தவர்களே. ‘ஓவியம் தானே பேசும், எழுத்து எதற்கு’ என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். அந்த மொழி ஏற்கெனவே தெரிந்தவரிடம்தான் ஓவியம் தானே பேசுகிறது. மற்றவர் முன்னால் வெறும் வெள்ளைச் சுவரையும் ஓவியரின் பெயரையும் ஆண்டையும் வைத்துவிட்டு விலகிக்கொள்வதில் மரியாதை எதுவும் இல்லை.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்சிப் பெட்டிகளுக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் குனிந்தும் வளைந்தும் எட்டியும் படும் பாட்டைப் புகைப்படங்களாகவே அதில் காட்டினார். அருங்காட்சியகச் சோர்வு என்ற கருத்து பரவியது அதிலிருந்துதான். நூறாண்டுக்கு மேலாகியும் பல கலைக்கூடங்களில் அறைக்கு ஒரு பெஞ்சு இருந்தாலே பெரிது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் பார்வையாளர் நிற்கும் நேரத்தின் நடுமதிப்பு 17 நொடி என்று தெரிந்தது. உலகின் மிகச் சிறந்த ஓவியங்களுக்கே அவ்வளவுதான். முதுகு சாய்ந்த இருக்கையை ஓவியத்துக்கு எதிரே போடுவது மிகச் சிறிய செலவு. அதற்குக் கட்டடக் கலைஞர்கூடத் தேவையில்லை.

வாசலும் வெளிச்சமும்

ஜப்பானின் கனசாவா நகரில் 2004 அக்டோபரில் திறக்கப்பட்ட 21ஆம் நூற்றாண்டுத் தற்காலக் கலை அருங்காட்சியகம் புதிதாகக் கட்டியது, புதுப்பித்தது அல்ல. ஆனாலும் புதுப்பிக்க நினைக்கும் எவரும் அதன் தரைவரைபடத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். 112.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம், சுற்றுச்சுவர் முழுக்கக் கண்ணாடி. கசுயோ செஜிமா, ரியூ நிஷிசாவா இருவரின் சனா நிறுவனம் வடிவமைத்தது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. பல திசைகளிலிருந்தும் உள்ளே நுழையலாம். பெரிய படிக்கட்டு ஏறி வணக்கம் சொல்லிவிட்டு நுழைவதுபோன்ற உணர்வே எழாது. தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்குவழியாகக்கூட நடந்துபோய்விடலாம்.

அதைவிட முக்கியம் உள்ளே செய்துள்ள பிரிவினை. கட்டணமுள்ள காட்சி அறைகள் நடுவில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி யாரும் சீட்டில்லாமல் வந்து உட்காரலாம், படிக்கலாம், குழந்தைகளை விளையாட விடலாம். காட்சி அறைகள் மூடிய பிறகும் இந்தப் பொதுப்பகுதி இரவு பத்து மணிவரை திறந்திருக்கிறது. வேலை முடித்து வருகிறவருக்கு மாலை ஐந்து மணிக்கு மூடும் கலைக்கூடம் இருந்தும் இல்லாததுபோலத்தான். பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில், சுமார் நாலரை லட்சம் பேர் வாழும் அந்த நகரின் அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ணம், துணி, பழைய புகைப்படம் ஆகியவற்றின் மீது 50 லக்ஸ் (ஒளியின் செறிவை அளக்கும் அலகு) அளவு ஒளிக்கு மேல் விழக்கூடாது என்பது கலைப்பொருள் காப்புத்துறையில் பொதுவான நடைமுறை. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் வரை. வெயில் விழும் சன்னலருகில் ஒளி இதைப்போலப் பல நூறு மடங்கு. ஒளியால் வந்த சேதத்தைத் திருப்ப முடியாது; வெளுத்த நிறம் வெளுத்ததுதான். ஆகவே ‘எல்லாச் சுவரையும் கண்ணாடியாக்கித் திறந்துவிடுவோம்’ என்ற ஆசைக்கும் ஓவியங்களின் உயிருக்கும் இடையே உண்மையான மோதல் இருக்கிறது. காப்பாட்சியர்கள் கதவைத் திறக்கத் தயங்கும்போது அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. வெளிச்சமும் பேச்சும் உள்ள பகுதி ஒன்று, மங்கலான அமைதியான அறைகள் இன்னொன்று என்று திட்டத்தின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் இரு தரப்பும் சண்டையிடத் தேவையே வராது. இருளான அறைக்குள் நுழையும் இடத்தில் ‘இங்கே ஏன் வெளிச்சம் குறைவு’ என்று இரண்டு வரி எழுதிவைத்தால், பார்வையாளரும் அந்தக் காப்புப் பணியில் ஒரு கூட்டாளி ஆகிவிடுகிறார்.

ஏற்கெனவே உள்ள கட்டடத்தைத் திருத்துவதற்கு மான்செஸ்டரின் விட்வர்த் கலைக்கூடம் நல்ல எடுத்துக்காட்டு. பூங்காவுக்குள்ளேயே இருந்தும் பல காலம் அது பூங்காவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றது. சுமார் 1.5 கோடி பவுண்டு செலவில் நடந்து 2015 பிப்ரவரியில் முடிந்த மறுவடிவமைப்பு, பின்பக்கத்தைப் பூங்காவை நோக்கித் திறந்தது. மரங்களுக்கிடையே நீளும் கண்ணாடி உணவகமும் தோட்டமும் வந்தன. கட்டடத்தைவிட என்னைக் கவர்ந்தது அவர்கள் உருவாக்கிய ஒரு பணியிடம்: பண்பாட்டுப் பூங்காக் காப்பாளர். பூங்காவில் நடமாடுபவர்களுக்கும் கலைக்கூடத்துக்கும் இடையே ஓர் ஆள். நாயோடு நடக்க வருபவரிடமும் குழந்தையோடு வருபவரிடமும் பேசுவதற்கு, விதை நடுவதிலிருந்து ஓவியம் வரைவது வரை வெளியிலேயே நிகழ்ச்சிகள் நடத்துவதற்குச் சம்பளத்துக்கு ஒருவர். அந்த ஆண்டு பிரிட்டனின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான விருது விட்வர்த்துக்குக் கிடைத்தது.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் அருங்காட்சியகம் 1969இல் கெவின் ரோச் வடிவமைப்பில், மொட்டைமாடித் தோட்டங்களோடு திறக்கப்பட்டது. மக்களுக்கான பூங்கா என்பதுதான் அதன் அடிப்படை எண்ணமே. ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது நீண்ட கான்கிரீட் சுவர். உள்ளே தோட்டம் இருப்பது உள்ளே வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். 2021இல் முடிந்த பணியில் ஏரிப் பக்கச் சுவரின் ஒரு பகுதியை அகற்றி வழி திறந்தார்கள். நல்ல எண்ணத்தோடு கட்டிய கட்டடமும் தெருவிலிருந்து பார்த்தால் வேறு சேதி சொல்லலாம். அதைக் கண்டுபிடிக்க, உள்ளே வராதவரைத்தான் கேட்க வேண்டும்.

யார் முடிவெடுப்பது

1969இல் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். அடிப்படிகளில் மக்களைச் சமாளித்து அனுப்புவது. நடுப்படிகளில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது. மேல்படிகளில்தான் கூட்டுப் பொறுப்பும் அதிகாரமும். கலைக்கூடங்களின் ‘சமூகப் பங்கேற்பு’ பெரும்பாலும் நடுப்படியில் நின்றுவிடுகிறது. 2011இல் அருங்காட்சியக ஆய்வாளர் பெர்னடெட் லிஞ்ச் பிரிட்டனில் 12 அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும் நடத்திய ஆய்வு இதையே கடுமையாகச் சுட்டியது: சமூகக் குழுக்கள் தாங்கள் பயனாளிகளாக நடத்தப்படுவதை உணர்ந்திருந்தன, திட்ட நிதி தீர்ந்ததும் உறவும் தீர்ந்தது, அருங்காட்சியகத்தின் மையப் பணி அப்படியே இருந்தது.

அந்தக் கடைசி வரிதான் நெஞ்சில் தைக்கிறது. குழந்தைகளின் ஓவியங்களை நடைபாதையில் மாட்டுவது, ஆண்டுக்கு ஒரு முறை சமூகத் திருவிழா நடத்துவது எல்லாம் நல்லதே. ஆனால் முக்கிய அறையில் எது தொங்கும், எதை வாங்கலாம், விளக்கப் பலகையில் என்ன எழுதலாம் என்ற முடிவுகள் மூடிய கதவுக்குள்ளேயே இருந்தால், வந்தவர்கள் தாங்கள் விருந்தாளிகள் என்பதைப் புரிந்துகொள்வார்கள். விருந்தாளி ஒரு தடவை வருவார்.

அதிகாரத்தைப் பகிர்வது எப்படி இருக்கும் என்பதற்குப் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் 2022இல் ஒரு சான்று தந்தது. அங்கே பணிபுரிந்த 17 பாதுகாவலர்கள் தொகுப்பிலிருந்து தாங்களே படைப்புகளைத் தேர்ந்து, விளக்கம் எழுதி ஒரு கண்காட்சியை அமைத்தார்கள். நாள் முழுவதும் அந்த ஓவியங்களோடு நிற்பவர்கள் அவர்கள்தானே. பார்வையாளர் எங்கே தயங்குகிறார், எதைக் கேட்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த வட்டாரக் கலைக்கூடமும் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இது: வாசலில் நிற்பவரையும் துப்புரவுப் பணியாளரையும் திட்டக் குழுவில் உட்கார வைப்பது.

இங்கிலாந்தின் டார்பி நகரில் பழைய பட்டு ஆலையில் இயங்கிய அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தபோது, வரைபடத்திலிருந்து தொடங்கவில்லை. கட்டடத்துக்குள்ளேயே பட்டறை வைத்து, ஊர் மக்களோடு சேர்ந்து காட்சி அமைப்புகளையும் மேசைகளையும் செய்தும் பார்த்தும் திருத்தியும் பல ஆண்டுகள் கற்றுக்கொண்டார்கள். 2021இல் ‘உருவாக்கத்துக்கான அருங்காட்சியகம்’ (மியூசியம் ஆஃப் மேக்கிங்) என்ற பெயரில் அது திறந்தது. மரப்பலகையில் செய்த மாதிரியைத் தூக்கிப்போட்டுவிட்டு இன்னொன்று செய்யலாம். கான்கிரீட் போட்ட பிறகு அது முடியாது. ஒரே ஓர் அறையை ஓராண்டுக்குச் சோதனை அறையாக ஒதுக்குவது, ஆலோசனை நிறுவனத்தின் எந்த அறிக்கையைவிடவும் அதிகம் சொல்லித்தரும்.

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரிலுள்ள மிமா இன்னும் ஒரு படி போனது. 2007இல் புதுக் கட்டடத்தில் திறந்த இந்த நவீனக் கலைக்கூடம், 2014க்குப் பிறகு ‘பயன்படும் அருங்காட்சியகம்’ என்ற எண்ணத்தைக் கையிலெடுத்தது. தொழிற்சாலைகள் மூடிய ஊர். அடைக்கலம் தேடி வந்தவர்களும் கணிசம். ஆங்கிலம் பேசிப் பழகுவது, தோட்டம் போடுவது, சேர்ந்து சாப்பிடுவது ஆகியவை கலைக்கூடத்தின் வாராந்தர வேலையாயின. அது கலையே அல்ல என்று எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். கலைக்கூடம் எல்லா நலத்திட்டங்களையும் சுமக்கும் இடமாக மாறினால், ஓவியத்தின் முன் தனியாக நிற்கும் அந்த அனுபவம் காணாமல்போகலாம். ஆனால் வாரம்தோறும் ஒரு கட்டடத்துக்கு வந்து பழகியவர், ஒருநாள் பக்கத்து அறைக்குள் நுழைந்து நிற்கிறார். பழக்கம் இல்லாத இடத்தில் யாருக்கும் நிதானமாகப் பார்க்க வராது. சேர்ந்திருக்கும் அறையும் தனித்திருக்கும் அறையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஒன்று இன்னொன்றை விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இயக்குநரின் திறமை.

தொகுப்பைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான கலைக்கூடங்களில் தொகுப்பின் சிறு பகுதியே காட்சியில் இருக்கும், மற்றவை சேமிப்பறையில் உறங்கும். ராட்டர்டாமின் பொய்மான்ஸ் அருங்காட்சியகம் 2021இல் தன் சேமிப்புக் கிடங்கையே பொதுமக்கள் நுழையும் கட்டடமாக்கித் திறந்தது. 1,51,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் உள்ளன. சிறிய ஊரால் அப்படிக் கட்ட முடியாது. ஆனால் மாதம் ஒரு நாள் சேமிப்பறைக்குச் சிறு குழுக்களை அழைத்துப்போக முடியும். ‘இதில் எது வெளியே வர வேண்டும்?’ என்று அங்கே கேட்கும் கேள்வி, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேட்கும் எதையும்விடக் கனமானது.

திறந்த பிறகு

இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் 2008இல் திறந்த ‘தி பப்ளிக்’ என்ற கலை மையத்தின் கதை வலிக்கிறது. அதன் வேர் 1970களில் அதே வட்டாரத்தில் தோன்றிய ஜூபிலி ஆர்ட்ஸ் என்ற சமூகக் கலைக் குழு. மக்களிடமிருந்து பிறந்த திட்டம், 7 கோடி பவுண்டுக்கும் மேல் விழுங்கிய பெரும் கட்டடமானது. வடிவமைத்தவர் புகழ்பெற்ற வில் ஆல்சொப். கட்டி முடிப்பதற்குள்ளேயே திட்டத்தை நடத்திய நிறுவனம் நொடித்தது. மையக் கவர்ச்சியாக இருக்க வேண்டிய கணினி ஊடாட்டக் காட்சி திறப்பின்போது வேலை செய்யவில்லை. பிற்காலத்தில் ஊர் மக்கள் நிறையவே வந்தார்கள். ஆயினும் நடத்தும் செலவை உள்ளாட்சி மன்றத்தால் தாங்க முடியவில்லை. 2013 நவம்பரில் மூடினார்கள். கட்டடம் பிறகு கல்லூரியானது. மக்களிடமிருந்து தொடங்குவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. கட்டுமானத்துக்கு ஒரு முறை கிடைக்கும் நிதியும், விளக்கெரிக்கவும் சம்பளம் கொடுக்கவும் ஆண்டுதோறும் தேவைப்படும் நிதியும் வெவ்வேறு பைகளிலிருந்து வருகின்றன. முதலாவதுக்கு நாடா வெட்டும் விழா உண்டு என்பதால் அதைத் திரட்டுவது எளிது. இரண்டாவது உறுதியாகாதவரை கட்டடத்தைச் சிறிதாக்குவதே மேல்.

வெற்றியை எப்படி அளப்பது என்பதிலும் இதே பிழை நடக்கிறது. முதலாண்டு வருகை எண்ணிக்கை புதுமையால் வீங்கும். கேட்க வேண்டியவை வேறு: எந்தெந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள், முதல் தடவை வந்தவர் மறுபடி வந்தாரா, வந்தவர் யாரைக் கூட்டிவந்தார். கனசாவாவில் திறப்பாண்டிலேயே நகரின் பள்ளிக் குழந்தைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்தார்கள். திரும்பும்போது ‘இன்னும் ஒரு முறை’ என்ற சீட்டு ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். அதை வைத்துக் குழந்தை மறுபடி வரலாம், வீட்டாரையும் இழுத்துவரலாம். பிறகு ஆண்டுதோறும் நகரின் நான்காம் வகுப்பு மாணவர்கள் அனைவரையும் வரவழைப்பது வழக்கமானது. இரண்டாம் வருகைக்காகவே தீட்டிய திட்டம் இது.

டெட்ராய்ட் கலை நிறுவனம் சிறிய வட்டாரக் கலைக்கூடம் அல்ல, பெரிய தொகுப்பு. ஆனால் ஒரு வட்டாரத்தோடு கலைக்கூடம் என்ன ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும் என்பதை அது காட்டியது. 2007இல் தன் அறைகளை, கலை வரலாற்றுப் பிரிவுகளை மட்டும் நம்பாமல், மனித வாழ்வின் பொதுவான கருப்பொருள்களைச் சுற்றியும் மறுசீரமைத்துத் திறந்தது. 2010இலிருந்து தன் ஓவியங்களின் நகல்களைச் சுற்றுவட்டார ஊர்களின் தெருக்களிலும் பூங்காக்களிலும் நிறுவியது. 2012 ஆகஸ்டில் டெட்ராய்ட் வட்டாரத்தின் மூன்று கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) வாக்காளர்களிடம் நேரடியாகவே கேட்டது: சொத்தின் வரிமதிப்பில் 1,000 டாலருக்கு 20 சென்ட் வீதம் பத்தாண்டுகளுக்கு வரி தருவீர்களா? பதிலுக்கு அந்தக் கவுண்டிகளில் வாழ்பவர்களுக்கு நுழைவு இலவசம். மூன்று கவுண்டிகளிலும் வாக்கெடுப்பு வென்றது.

அடுத்த ஆண்டே டெட்ராய்ட் நகரம் திவாலானது. நகரத்துக்குச் சொந்தமாயிருந்த ஓவியங்களை விற்றுக் கடனடைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அறக்கட்டளைகள், மாநில அரசு, கலைக்கூடம் மூன்றும் சேர்ந்து 80 கோடி டாலருக்கும் மேல் திரட்டி, நகரம் கடன்பட்டிருந்த ஓய்வூதியக்காரர்களின் இழப்பைக் குறைத்தன. 2014இல் தொகுப்பு தனி அறக்கட்டளையின் கைக்கு மாறியது. ஒரு படமும் விற்கப்படவில்லை. 2020 மார்ச்சில் அதே கேள்வி மறுபடி வாக்குச்சீட்டில் வந்தபோது, மூன்று கவுண்டிகளும் இன்னொரு பத்தாண்டுக்கு அந்த வரியைத் தர ஒப்புக்கொண்டன.